பழைய கார்ட்டூன் நாயகர்களின் புதிய ஆக்‌ஷன் ஃபிகர்கள்: அறிவிப்பிலிருந்து அலமாரி வரை முழுமையான வழிகாட்டி

ஆக்‌ஷன் ஃபிகர் என்பது கை, கால் மூட்டுகள் அசையும் பொம்மை. அறிவிப்புப் படத்தில் இருக்கும் ஹீ-மேன் வேறு, மாதக்கணக்கில் காத்திருந்தபின் பெட்டியில் வந்து இறங்கும் ஹீ-மேன் வேறு. முன்னது கையால் வண்ணம் தீட்டிய ஒற்றை மாதிரி. பின்னது எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவே எது மாறும், எது மாறாது என்று கணிக்கத் தெரிந்துவிட்டால் ப்ரீ-ஆர்டர் (முன்பதிவு) சூதாட்டமாக இருக்காது. தண்டர்கேட்ஸ், நிஞ்ஜா டர்டில்ஸ், ஜி.ஐ. ஜோ, பாப்பாய், ஸ்பேஸ் கோஸ்ட் என்று பழைய நாயகர்கள் மறுபடி வரிசைகட்டி வருகிறார்கள். எல்லாவற்றையும் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. எதை எடுப்பது, எப்படி ஆர்டர் போடுவது, வந்ததும் என்ன பார்ப்பது, மூட்டு இறுகிப்போனால் என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்த மூலத்தைப் பார்த்துச் செய்தது?

வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரே நாயகன் மூன்று விதமாகச் சந்தைக்கு வருவான். திரையில் பார்த்தபடி ஒன்று, அந்தக் காலத்துப் பொம்மையின் சாயலில் ஒன்று, இன்றைய சிற்பியின் கற்பனையில் ஒன்று. பெட்டியில் பெயர் ஒன்றுதான் இருக்கும், உள்ளே இருப்பவர் ஒருவர் அல்ல.

ஹீ-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டல் நிறுவனத்தின் பொம்மை வந்தது 1982இல். ஃபில்மேஷன் தயாரித்த தொடர் ஒளிபரப்பானது 1983 செப்டம்பரில். பொம்மை முதலில், கார்ட்டூன் பிறகு. அதனால் பொம்மையின் வாளும் திரையின் வாளும் ஒன்றல்ல. பொம்மை வாளில் செதுக்கு வேலை அதிகம். திரையில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையால் வரைய வேண்டும் என்பதால் வாள் எளிமையானது. மேட்டலின் இன்றைய 5.5 அங்குல ஆரிஜின்ஸ் வரிசை பழைய பொம்மையின் வழித்தோன்றல். அதற்குள்ளேயே வந்த கார்ட்டூன் கலெக்‌ஷன் திரையுருவத்தைப் பின்பற்றுவது. 7 அங்குல மாஸ்டர்வர்ஸ் இன்னொரு வகை. தொடரை நினைத்துக்கொண்டு சாதாரண ஆரிஜின்ஸ் ஹீ-மேனை வாங்கினால், முகத்தைப் பார்த்ததும் ஏதோ இடிக்கும்.

டர்டில்ஸில் வேறுபாடு இன்னும் வெளிப்படை. தொடர் 1987 டிசம்பரில் தொடங்கியது, பிளேமேட்ஸ் பொம்மைகள் 1988இல் வந்தன. திரையில் நால்வருக்கும் ஒரே பச்சை. கண்பட்டையின் நிறமும் பெல்ட்டில் இருக்கும் எழுத்தும்தான் ஆளைக் காட்டும். பொம்மைகளிலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பச்சை. நால்வரையும் அருகருகே வைத்த படத்தில் தோலின் பச்சை மாறுபடுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது பழைய பொம்மைக்கு மரியாதை, ஒன்றாக இருந்தால் கார்ட்டூனுக்கு மரியாதை.

ஜி.ஐ. ஜோ கதை வேறு. 1964இல் 12 அங்குலத்தில் பிறந்து, 1982இல் 3.75 அங்குலமாகச் சுருங்கி, அந்தச் சின்ன உருவத்தோடுதான் கார்ட்டூனுக்குள் போனது. 2020இல் ஹாஸ்ப்ரோ தொடங்கிய 6 அங்குல கிளாசிஃபைடு வரிசையின் ஆரம்பகால உருவங்களில் உடையும் கவசமும் நவீனமாக்கப்பட்டவை. பழைய தோற்றம்தான் வேண்டும் என்பவர்கள் பெட்டியின் வடிவமைப்பைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். 1980களின் அட்டை ஓவியத்தைத் தாங்கி வருவது பெரும்பாலும் பழைய உடையோடுதான் வரும்.

சோதிக்கும் முறை எளிது. தொடரிலிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட், பழைய பொம்மையின் படம், புது அறிவிப்புப் படம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, முகத்தின் கோடு, மார்பு அல்லது பெல்ட் சின்னம், ஆயுதம், காலணி ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். உடம்பை ஒப்பிட்டுப் பயனில்லை. எஃகு அச்சுக்கு ஆகும் செலவு அதிகம் என்பதால் ஒரே உடற்கட்டை நாலைந்து பாத்திரங்களுக்குப் பயன்படுத்துவார்கள். 1982 ஹீ-மேன் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். நாயகனுக்குப் பொருந்தும் உடற்கட்டு அவருடைய ஒல்லியான நண்பனுக்கும் வந்து உட்கார்ந்திருந்தால், அந்த நண்பனைத் தவிர்ப்பது உத்தமம்.

படி 2: அளவு

ஆறடி மனிதனை வைத்துக் கணக்கிட்டால், 1/18 அளவு என்பது 4 அங்குலம், 1/12 என்பது 6 அங்குலம், 1/10 என்பது 7 அங்குலத்துக்குச் சற்று மேல், 1/6 என்பது 12 அங்குலம். சந்தையில் 3.75 அங்குலம் என்று சொல்வது 1/18 குடும்பம். மார்வெல் லெஜண்ட்ஸ், கிளாசிஃபைடு வரிசைகள் 6 அங்குலம். நெக்கா நிறுவனத்தின் உருவங்களும் சூப்பர்7 நிறுவனத்தின் அல்டிமேட்ஸ் வரிசையும் 7 அங்குலம்.

7 அங்குல வரிசை என்பதற்காக எல்லா உருவமும் 7 அங்குலம் உயரம் இருக்காது. டர்டில்ஸ் குட்டையானவர்கள், அவர்களின் வில்லன் ஷ்ரெடர் உயரம். வரிசையின் பெயரில் இருப்பது விகிதம், உயரம் அல்ல. அறிவிப்பில் ‘தோராய உயரம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் அலமாரிக்கு வேண்டிய எண். 7 அங்குல உருவத்துக்குத் தட்டுகளின் இடைவெளி குறைந்தது 10 அங்குலம் வேண்டும். தூக்கிய வாளை மறந்துவிட்டு 8 அங்குலம் விட்டால், தண்டர்கேட்ஸ் தலைவன் லயன்-ஓ ஒருநாளும் வாளை உயர்த்த மாட்டார்.

அளவுகளைக் கலக்கலாமா? 6 அங்குலத்தையும் 7 அங்குலத்தையும் ஒரே தட்டில் வைத்தால் நாயகன் பையன் போலத் தெரிவான். தட்டு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவை ஒரு அளவில் தொடங்கினால் அதே அளவில் முடிப்பதுதான் கட்டுப்படியாகும்.

படி 3: மாதிரிப் படத்தைப் படித்தல்

ஓர் உருவம் உருவாகும் வரிசை இது. கணினியில் சிற்பம் செய்வார்கள், முப்பரிமாண அச்சில் ரெசின் மாதிரி எடுப்பார்கள், கையால் வண்ணம் பூசுவார்கள், உரிமையாளர் ஒப்புதல் தருவார், எஃகு அச்சு வெட்டுவார்கள், முதல் வார்ப்பு எடுத்துத் திருத்துவார்கள், பிறகுதான் தொழிற்சாலை ஓடும். அறிவிப்புப் படம் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்துப் பொருள். ‘இறுதித் தயாரிப்பு மாறக்கூடும்’ என்று அடியில் பொடி எழுத்தில் போடுவது சும்மா இல்லை.

என்ன மாறும் என்றால், முதலில் நிழல் பூச்சு குறையும். தசையின் மடிப்புகளில் கையால் தந்த நிழல் தொழிற்சாலையில் ஸ்ப்ரே ஒன்றிரண்டாகச் சுருங்கும், சில வரிசைகளில் அடியோடு மறையும். கண்ணுக்குப் பெரும்பாலும் தூரிகை கிடையாது, அச்சுப் பதிப்பார்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே பார்வை கோணலாகும். கார்ட்டூன் முகத்தில் இது இன்னும் மோசம். வெறும் வெள்ளையில் ஒரு கருப்புப் புள்ளிதான் கண் என்பதால் மறைக்க இடமில்லை.

வாள், ஈட்டி, வால், கொம்பு போன்ற மெல்லிய பாகங்கள் மாதிரியில் விறைப்பாக நிற்கும். தயாரிப்பில் குழந்தைப் பாதுகாப்பு விதிகளுக்காகவும் உடையாமல் இருப்பதற்காகவும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் வார்ப்பார்கள். பெட்டிக்குள் கிடந்து வளைந்துதான் வரும். வருவதற்கு முன்பே இதை ஏற்றுக்கொள்ளுங்கள், நேராக்கும் வழி கீழே இருக்கிறது.

நிறப் பொருத்தமும் மாறும். வெறும் கை, கால் போன்ற பாகங்களில் பெயிண்ட் பூசாமல் பிளாஸ்டிக்கையே அந்த நிறத்தில் வார்ப்பார்கள். கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் மென்மையான பிவிசியும் ஒரே சாயத்தைக் குடித்தாலும் ஒரே மாதிரி மின்னாது. முழங்கை, முழங்கால் மூட்டுகளில் தோலின் நிறம் ஒரு நூல் மாறித் தெரிவதற்கு இதுதான் காரணம். பெயிண்ட் பூசிய முகமும் பூசாத கழுத்தும் ஒட்டாமல் நிற்பதும் இதே வகைதான். இது குறைபாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் அதே மாதிரிதான் மறுபடி வரும்.

பெரும்பாலும் மாறாதவை சில உண்டு. முகத்தின் சிற்பம், உடல் விகிதம், மூட்டுகளின் எண்ணிக்கை, கூட வரும் பொருட்களின் பட்டியல். முடிவெடுக்கும்போது இவற்றை மட்டுமே நம்புங்கள். ‘நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, தயாரிப்பில் சரியாகும்’ என்பது வெறும் ஆசை. ‘முகம் சரியில்லை, தயாரிப்பில் சரியாகும்’ என்பது பேராசை.

கார்ட்டூன் உருவங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தொடரில் நாயகன் முன்னும் பக்கவாட்டிலும் ஒரே மாதிரி வரையப்படுவதில்லை. தாடையும் முடியும் கோணத்துக்குக் கோணம் மாறும். சிற்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அறிவிப்பில் முன்பக்கப் படம் மட்டுமே இருந்தால் அவசரப்படாதீர்கள். பக்கவாட்டுப் படமும், எல்லா மூட்டையும் மடக்கிய படமும் வரும்வரை காத்திருங்கள். பாப்பாய்க்கு முன்கை உருண்டு திரண்டிருப்பதால் முழங்கை முழுதாக மடங்க இடம் போதாது. கார்ட்டூன் தொடரில் வந்த பேட்மேனின் உருவங்களில் அகன்ற மார்பு முழுவதையும் ஊசிபோன்ற கணுக்கால் தாங்க வேண்டும். முதல் வகையில் பாவனை குறையும், இரண்டாம் வகையில் கணுக்கால் உடையும். பேட்மேனுக்கு ஸ்டாண்ட் கூட வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கூட வரும் பொருட்களிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: திரையில் இந்த நாயகன் என்ன செய்வான், அதை இந்தப் பொருட்களை வைத்துச் செய்ய முடியுமா? லயன்-ஓவின் வாள் குட்டையாக இருந்து நீளும். எனவே குட்டை வாள், நீள வாள் இரண்டும் வேண்டும். பாப்பாய்க்குப் புகைக்குழாயும் கீரை டப்பாவும் இல்லாவிட்டால் வெறும் மாலுமிதான். டர்டில்ஸில் ஒருவரான மைக்கலேஞ்சலோவின் நுஞ்சாக்குவில் (சங்கிலியால் இணைத்த இரட்டைத் தடி) சங்கிலி உலோகமா, வார்த்த பிளாஸ்டிக்கா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அது ஒரே கோணத்தில்தான் நிற்கும். ஆயுதம் பிடிக்கும் கை, முஷ்டி, விரித்த கை என மூன்று ஜோடி கைகள் இருந்தால் போதும். எட்டு ஜோடி தருகிறோம் என்று சொல்வதில் பாதி டப்பாவிலேயே தூங்கும். மாற்றுத் தலைதான் பணத்துக்கு மதிப்பு. கார்ட்டூன் நாயகனை ஒரே முகபாவத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது சீக்கிரம் அலுத்துவிடும்.

படி 4: எப்போது அறிவிப்பார்கள், எப்படி ஆர்டர் போடுவது

பெரிய அறிவிப்புகள் சில வாரங்களில் குவியும். ஜனவரி இறுதி, பிப்ரவரி வாக்கில் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி, வருடத் தொடக்க மாதங்களில் நியூயார்க் டாய் ஃபேர், ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான், அக்டோபரில் நியூயார்க் காமிக்-கான். இந்த வாரங்களில் கையில் கொஞ்சம் காசை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் மட்டும் விற்கும் பதிப்புகளை உடனே துரத்த வேண்டியதில்லை. அவற்றில் பல வேறு பெட்டியிலோ வேறு நிறத்திலோ பிறகு திரும்பி வந்திருக்கின்றன.

ப்ரீ-ஆர்டரில் மூன்று வகை உண்டு. வேறுபாடு பணம் எப்போது போகிறது என்பதில்.

முதல் வகை சாதாரண முன்பதிவு. கடைக்குச் சரக்கு வந்ததும் கார்டில் பணம் பிடிப்பார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, நடுவில் கார்டு காலாவதியாகிவிடுவது. பணம் பிடிபடாமல் போய், ஆர்டர் ரத்தாகி, உருவம் வேறொருவருக்குப் போய்விடும். கார்டு மாற்றும்போதெல்லாம் நிலுவை ஆர்டர்களிலும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஆர்டருக்கேற்ப மட்டும் தயாரிப்பது. சூப்பர்7 அல்டிமேட்ஸ் வரிசை இப்படி வளர்ந்ததுதான். குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஆர்டர் எடுப்பார்கள், மூடியபின் எண்ணிக்கையைப் பார்த்துத் தயாரிப்பார்கள். ஒரு வருடக் காத்திருப்பு இங்கே சாதாரணம். கடைசி நாள் வரை பொறுத்து, கூடுதல் படங்கள் வந்தபின் போடுவதே புத்திசாலித்தனம். முதல் நாள் போட்டவருக்கும் கடைசி நாள் போட்டவருக்கும் ஒரே பொருள்தான் வரும்.

மூன்றாவது, கூட்டு நிதி. ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லாப் இதற்கு உதாரணம். குறைந்தபட்ச ஆதரவாளர் எண்ணிக்கை எட்டினால்தான் தயாரிப்பு. டிரான்ஸ்ஃபார்மர்ஸின் ராட்சத வில்லன் யூனிக்ரானுக்கு 8,000 பேர் தேவைப்பட்டார்கள். முதல் கெடுவுக்குள் எட்டாமல் 2019 அக்டோபர் வரை நீட்டித்துத்தான் நிறைந்தது. இலக்கு எட்டியபின் பணம் பிடிக்கப்படும், பொருள் வர நீண்ட காலம் ஆகும், இடையில் விலக வழி இருக்காது. பெரிய வாகனம், பெரிய அரக்கன் போன்றவற்றுக்கு மட்டும் இந்த வழியில் போங்கள்.

ஆர்டர் போடுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டியவை:

– முன்பணம் உண்டா, ரத்து செய்தால் திரும்புமா?
– வெளிநாட்டிலிருந்து வருவதானால் அனுப்பும் கட்டணமும் இறக்குமதி வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? உருவத்தின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.
– பல உருவங்களைச் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்புவார்களா? சேர்த்தால், கடைசியாக வரும் உருவத்துக்காக மற்ற எல்லாம் காத்திருக்கும்.
– சேதமானால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

குழு நாயகர்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு வரிசையை அலை அலையாக, அதாவது தொகுதி தொகுதியாக வெளியிடுவார்கள். முதல் அலையில் தலைவனும் வில்லனும் வருவார்கள். குழுவின் கடைசி ஆள் நான்காம் அலையில் வருவார், அல்லது வரிசையே நின்றுபோய் வராமலே போவார். பிந்தைய அலைகளுக்குக் கடைகள் குறைவாகத்தான் ஆர்டர் செய்யும், அதனால் அந்த உருவங்கள் பிறகு கிடைப்பதும் கஷ்டம். குழு முழுமையாக வேண்டும் என்றால் நாயகனைத் தள்ளிப்போடலாம், துணைப்பாத்திரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நாயகன் மறுபடி மறுபடி வருவார், துணைவருக்கு ஒரே வாய்ப்புதான்.

தாமதத்தைப் பற்றிப் பதற வேண்டாம். சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் மூடும். அதற்கு முன் அச்சேறாத உருவம் எளிதில் இரண்டு மாதம் தள்ளிப்போகும். கவலைப்பட வேண்டியது இன்னொன்று: தயாரிப்பு நிறுவனமே அறிவிக்காத உருவத்துக்கு முழுப் பணம் கேட்கும் கடை. எந்த ஆர்டருக்கும் முன்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அந்த உருவம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: பெட்டி வந்ததும்

பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். ஜன்னல் பெட்டி என்றால் திறக்காமலே கண்களின் பார்வை, நெற்றிக்கோடு, சின்னத்தின் ஓரம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கைகளைப் பாருங்கள். இரண்டும் இடது கையாக வருவது நடக்கிற விஷயம்தான். தொடைப் பாகங்கள் இடம் மாறி வருவதும் உண்டு. முழங்கால் மூட்டின் ஆணி இரண்டு காலிலும் ஒரே பக்கம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

போலியை அடையாளம் காண: முதுகிலோ பாதத்திலோ உரிமைக் குறியும் வருடமும் தெளிவாக அச்சில் பதிந்திருக்க வேண்டும். மங்கலான பெட்டி அச்சு, எண்ணெய்ப் பளபளப்பு, மூக்கைத் துளைக்கும் வாடை மூன்றும் சேர்ந்திருந்தால் அது அசல் இல்லை.

படி 6: மூட்டுகளை முதன்முதலில் அசைத்தல்

பெட்டியிலிருந்து எடுத்ததும் முழங்காலை மடக்கிப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். புது உருவங்கள் பல உடைவது முதல் சில நிமிடங்களில்தான். காரணம், மூட்டுக்குள் கசிந்து காய்ந்த பெயிண்ட். அது பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும். வலிந்து திருப்பினால் மூட்டு நகராது, உள்ளே இருக்கும் ஆணிதான் முறுகும். முறுகும் ஆணியில் வெளிறிய வெள்ளைக் கோடு தெரியும். தெரிந்த கணமே நிறுத்துங்கள்.

இறுகிய மூட்டை இளக்க இரண்டு வழி. பாத்திரத்தில் 60 முதல் 70 டிகிரி சூடான நீர் எடுத்து, மூட்டை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் முக்குங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். அல்லது ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து 30 முதல் 60 விநாடி காட்டுங்கள். துணி அங்கி, பேட்டரி, ஒட்டுத்தாள் இருக்கும் உருவத்துக்கு நீர் ஆகாது, டிரையர்தான். சூடாக இருக்கும்போதே மூட்டுக்கு மிக அருகில் இரண்டு பக்கமும் பிடித்து, சிறிய கோணத்தில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முழங்காலை மடக்கப் பாதத்தைப் பிடிக்காதீர்கள். நெம்புகோல் நீளமானால் விசை பெருகி ஆணி போய்விடும். ‘டக்’ என்று ஒட்டு விட்டதும் முழு வீச்சில் பத்துத் தடவை அசைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

அப்படியும் உரசினால் சுத்தமான சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தையல் மெஷின் எண்ணெய், வாசலின், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லப் பலவீனமாக்கி, மாதங்கள் கழித்து விரிசல் விடவைக்கும். அன்றைக்கு நன்றாக வேலை செய்ததே என்று நம்பி ஏமாறுவது இதில்தான்.

கை மாற்றும்போது சூடு காட்ட வேண்டியது கையின் துளைக்கு, மணிக்கட்டு முளைக்கு அல்ல. 15 விநாடி வெந்நீரில் கையைப் போட்டால் துளை விரிந்து வழுக்கிக்கொண்டு ஏறும். முளையைச் சூடாக்கினால் அதுவும் மெலிந்து வளையும். நேராக இழுங்கள், திருகி இழுக்க வேண்டாம்.

எதிர்ப் பிரச்சினை, தளர்ந்த மூட்டு. பந்து மூட்டாக இருந்து கழற்ற முடிந்தால், நீரில் கரையும் அக்ரிலிக் தெளிபூச்சை மெல்லிய தூரிகையால் பந்தின் மேல் ஒரு கோட் அடித்து, 24 மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். போதாவிட்டால் இன்னொரு கோட். சூப்பர் க்ளூவும் வேலை செய்யும், ஆனால் அது முழுக்கக் காயும் முன் மாட்டினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிவிடும். காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்துப் பெயிண்டில் வெள்ளைப் படலம் படியவும் செய்யும். தெளிபூச்சே நல்லது. கழலாத மூட்டில், துளைக்குள் குழாய் இணைப்புக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவைக் கீற்றாக வெட்டித் திணிக்கலாம்.

படி 7: வளைந்த வாள், கனமான அங்கி

வளைந்த ஆயுதத்தை 80 டிகிரி நீரில் 30 விநாடி விடுங்கள். பிவிசிக்கு வார்த்த வடிவத்தின் நினைவு உண்டு, பெரும்பாலும் தானே நிமிரும். மீதியைத் தட்டையான பரப்பில் வைத்து நேராக்கி, அதே பிடியில் ஐஸ் நீரில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். குளிர்விக்கும் படியைத் தவிர்த்தால் ஒரே வாரத்தில் பழைய வளைவு திரும்பிவிடும். உலோகப் பளபளப்புப் பூசிய வாளை நீண்ட நேரம் ஊறவிட வேண்டாம், பூச்சு சுருங்கும்.

பிளாஸ்டிக் அங்கி கனமானது. உருவம் பின்னால் சாயும், சாயாமல் நின்றாலும் மாதக்கணக்கில் கணுக்கால் இளகிச் சாயும். துணி அங்கிக்குள் கம்பி இருந்தால் எப்போதும் ஒரே இடத்தில் மடக்காதீர்கள், உலோகம் களைத்து முறியும். அங்கி உள்ள நாயகர்களுக்கு இடுப்பைப் பிடிக்கும் ஸ்டாண்ட் சிறந்தது. பாதத் துளை ஸ்டாண்ட் வாங்கினால் முளையின் விட்டத்தைப் பாருங்கள். 3 மி.மீ., 4 மி.மீ. என்று வரிசைக்கு வரிசை வேறுபடும்.

படி 8: வைக்கும் இடம்

நேரடி வெயில் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும் ஒளியும் காலப்போக்கில் வேலையைக் காட்டும் என்பதைத்தான் கவனிப்பதில்லை. ஸ்பேஸ் கோஸ்ட் போன்ற வெள்ளை உடை நாயகர்கள் முதலில் பலியாவார்கள். வெள்ளை ஏபிஎஸ் புற ஊதாக்கதிரில் மஞ்சளாகும். எல்.ஈ.டி விளக்கு போதும், சூடேறும் ஹாலோஜன் வேண்டாம்.

தொடரின் செல் ஓவியம் (ஒளிபுகும் தாளில் கையால் தீட்டிய கார்ட்டூன் படம்) போல நிழலைப் பெயிண்டிலேயே பூசிய உருவங்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. நிழல் பூசிய பக்கத்தில் விளக்கைப் பொருத்தினால் இரண்டு நிழல்கள் மோதி உருவம் அழுக்காகத் தெரியும். பூச்சு எந்தப் பக்கம் வெளிர் என்று பார்த்து, விளக்கை அந்தப் பக்கம் வையுங்கள்.

பிசுபிசுப்பு ஏன் வருகிறது? பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள வேதிப்பொருள் மெல்ல வெளியே கசிகிறது. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் இது வேகமாகத் தேங்கும். பெட்டியில் ஓரிரு சிறு இடைவெளி விடுங்கள். பிசுபிசுத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப் கலந்து, மென்மையான தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஆல்கஹால் பெயிண்டை எடுத்துவிடும், நெயில் பாலிஷ் ரிமூவர் ஏபிஎஸ்ஸையே கரைக்கும்.

அதே வேதிப்பொருள் இன்னொரு வம்பும் செய்யும். மென்மையான ரப்பர் போன்ற ஆயுதத்தைக் கடினமான பிளாஸ்டிக் உடம்பில் சாய்த்து மாதக்கணக்கில் விட்டால், தொட்ட இடத்தில் உருகின தழும்பு விழும். கருப்பு பெல்ட்டின் சாயம் வெளிர் நிற இடுப்பில் ஏறும். கழற்றக்கூடிய பொருட்களைத் தனித்தனிச் சிறு பாலித்தீன் உறைகளில் போட்டு வையுங்கள்.

ஓ-ரிங் வைத்த 3.75 அங்குல ஜி.ஐ. ஜோ வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. உடம்பின் மேல்பாதியையும் கால்களையும் உள்ளே இருக்கும் ஒரு கருப்பு ரப்பர் வளையம்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உட்கார்ந்த நிலையிலோ இடுப்பைத் திருகிய நிலையிலோ நாள்கணக்கில் விடாதீர்கள், வளையம் நீண்டு தளரும். தளர்ந்தால் முதுகுத் திருகாணியைக் கழற்றி வளையத்தை மாற்றலாம். மறுபடி முடுக்கும்போது திருகாணியை முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி, பழைய புரியில் ‘கிளிக்’ என்று விழுந்ததும் வலப்பக்கம் முடுக்குங்கள். நேரடியாக முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புதுப் புரி வெட்டும், இரண்டு மூன்று தடவையில் துளை அரிந்து ஆணி நிற்காது. உடம்பின் முன், பின் பாதிகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அரைச் சுற்று போனாலும் மார்பின் நடுவே விரிசல் விழும்.